விஸ்கஸ் ஃபேன் கிளட்ச்: ஆயிலையும் சுருளையும் மாற்றி என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்துவது – கேள்வி பதில்

இந்த ஃபேன் கிளட்ச் உள்ளே என்னதான் நடக்கிறது?

ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்கும் ஃபேனை, தேவைப்படும்போது மட்டும் என்ஜின் சுழற்சியோடு சேர்த்துப் பிடிக்கும் பாகம்தான் இது. வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து எப்போதும் சுழல்வது உள்ளே இருக்கும் ஒரு வட்டத் தகடு. ஃபேன் பொருத்தப்பட்டிருப்பது வெளிக்கூட்டில். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டின் மேல்பரப்பிலும் வளையம் வளையமாக வரப்புகள் உண்டு. ஒன்றின் வரப்பு மற்றதன் பள்ளத்தில் உரசாமல் நுழைந்து நிற்கும். அந்த மெல்லிய இடைவெளியில் சிலிகான் ஆயில் வந்தால் தகடு கூட்டையும் இழுத்துக்கொண்டு சுற்றும். ஆயில் இல்லையென்றால் தகடு மட்டும் சுற்றும், ஃபேன் சோம்பலாக அசையும்.

ஆயிலின் இருப்பிடம் முன்பக்க அறை. அங்கிருந்து வேலை செய்யும் அறைக்குப் போகும் துளையை ஒரு சிறிய வால்வுத் தகடு மூடியிருக்கும். கிளட்சின் முகத்தில் தெரியும் பைமெட்டல் சுருள்தான் (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூட்டில் வளையும் பட்டை) அந்த வால்வைத் திருப்புகிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சுட்டால் சுருள் முறுக்கிக்கொண்டு வால்வைத் திறக்கும். வேலை அறைக்குள் போன ஆயிலைச் சுழற்சி விசை விளிம்புக்குத் தள்ளும். அங்குள்ள ஒரு சிறு தடுப்பு அதை வழித்து மறுபடி முன் அறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வால்வு மூடியதும் வேலை அறை மெல்லக் காலியாகும்.

கவனிக்க வேண்டியது: சுருளுக்குக் கூலன்ட் சூடு தெரியாது, தன்மேல் படும் காற்றின் சூடுதான் தெரியும். ரேடியேட்டர் வெளியே தூசி அடைத்து, காற்றே வராமல் போனால் என்ஜின் கொதிக்கும்போதும் கிளட்ச் தூங்கும்.

மாற்றம் என்றால் எதை மாற்றுகிறோம்?

இரண்டே விஷயம். ஃபேன் *எப்போது* பிடிக்க வேண்டும் என்பதைச் சுருள் முடிவு செய்கிறது. *எவ்வளவு* பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலின் பாகுத்தன்மையும் (கெட்டி) அளவும் முடிவு செய்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் குழப்பம். பிறகு ஃபேன் ஓயாமல் இரைந்தால் ஆயில் கெட்டியா, சுருள் சீக்கிரம் திறக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

என் வண்டிக்கு இது தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சூடு எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது, அல்லது பாரத்தோடு முதல், இரண்டாம் கியரில் மேடு ஏறும்போது முள் உயர்ந்து, வண்டி வேகம் எடுத்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் பார்க்கலாம். நெரிசலில் ஏசி காற்று வெதுவெதுப்பாகி, ஓடும்போது குளிர்வதும் இதே அறிகுறி.

நேர் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சூடேறுகிறதென்றால் ஃபேன் கிளட்சைத் தொடாதீர்கள். அந்த வேகத்தில் வண்டியின் ஓட்டமே போதிய காற்றைத் தள்ளும். உள்ளே அடைத்த ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், உறிஞ்சும்போது சப்பையாகும் கீழ் ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப் இறக்கை, ஹெட் கேஸ்கெட் கசிவு என்று தேட வேண்டிய இடம் வேறு.

கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுழற்றிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் லேசான, சீரான இழுவை இருக்க வேண்டும். நன்றாகச் சூடேறி அணைத்த உடனே சுழற்றினால் இழுவை தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். சூட்டிலும் ஒரு தட்டுக்கு நாலைந்து சுற்று ஓடினால் உள்ளே ஆயில் இல்லை அல்லது செத்துவிட்டது. அசையவே மறுத்தால் பேரிங் அல்லது உள்தகடு இறுகிவிட்டது.

ஃபேன் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நுனியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் கிளட்ச் பேரிங் அல்லது வாட்டர் பம்ப் பேரிங் போய்விட்டது. பேரிங் போன கிளட்சில் புது ஆயில் ஊற்றுவது வீண்வேலை. அது உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரைத்தான் கிழிக்கும். நடுத்தண்டைச் சுற்றி ஆரக்கால்போல் பரவிய எண்ணெய்க் கறை, அதில் ஒட்டிய தூசி தெரிந்தால் ஆயில் கசிகிறது.

ஓடும் ஃபேனில் சுருட்டிய பேப்பரை நுழைத்து நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விரல் போகும் வேலை, வேண்டாம்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு இறக்கையில் ஒளி திருப்பும் ஒட்டுத்துண்டை ஒட்டி, லேசர் டேக்கோமீட்டரால் ஃபேன் சுற்றை அளக்கலாம். சாதாரண தெர்மல் கிளட்ச் (சூட்டுக்கேற்பப் பிடிக்கும் இந்த வகை) விடுபட்ட நிலையில் புல்லி வேகத்தில் 20–30 சதவீதமும், பிடித்த நிலையில் 60–70 சதவீதமும் சுற்றும். கனரக வகை பிடித்த நிலையில் 80–90 சதவீதம் வரை போகும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் உறுமுகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது. பழுதா?

இல்லை. இரவில் ஆயில் வேலை அறைக்குள் வடிந்து தங்கியிருக்கும். ஓரிரு நிமிடத்தில் அது முன் அறைக்குத் திரும்பும். அந்த உறுமல் முன்பு இருந்து இப்போது சுத்தமாகக் காணவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கிளட்சைத் திறப்பதற்கு முன் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் ஷ்ரவுட். ஃபேனைச் சுற்றியுள்ள அந்தக் கூடு உடைந்திருந்தாலோ, கீழ்ப்பாதியைக் கழற்றிப் போட்டிருந்தாலோ, ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் கிடைக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். இறக்கையின் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு ஷ்ரவுடுக்குள் இருக்க வேண்டும். நுனிக்கும் கூட்டுக்கும் இடைவெளி 12 முதல் 25 மில்லிமீட்டர். ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்சருக்கும் நடுவில் சேர்ந்த மண், பூச்சி, இலைச்சருகு ஆகியவற்றை இரண்டையும் பிரித்துத்தான் முழுதாக எடுக்க முடியும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் உட்காரும். பெல்ட் இறுக்கம், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் கலவை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். சுருளின் மேல் மண் இறுகியிருந்தால் அதைச் சுத்தம் செய்வதே சில வண்டிகளில் வேலையை முடித்துவிடும்.

எல்லா கிளட்சையும் திறக்க முடியுமா?

முடியாது. முன்மூடியைச் சுற்றிலும் ஸ்க்ரூ வைத்து இணைத்தவற்றைத் திறக்கலாம். விளிம்பை மடக்கி நசுக்கி மூடியவற்றைத் திறந்தால் மறுபடி ஆயில் நிற்காது. அவற்றுக்குக் கனரக வகையை வாங்கிப் போடுவதே வழி. சுருளுக்குப் பதில் தட்டையான பட்டையும் அதன் அடியில் ஒரு சிறு ஊசியும் உள்ள வகையில், பட்டையையும் ஊசியையும் எடுத்துவிட்டு அந்தத் துளை வழியாகவே சிரிஞ்சால் ஆயில் சேர்க்கலாம்.

வயர் வரும் மின்னணு விஸ்கஸ் கிளட்ச் இந்தப் பேச்சில் சேராது. அதன் வால்வைக் கணினி திறந்து மூடுகிறது, ஃபேன் வேகத்தையும் கணக்கு வைக்கிறது. அங்கே ஆயிலை மாற்றினால் கணினி எதிர்பார்க்கும் வேகமும் உண்மையான வேகமும் ஒத்துப்போகாமல் எச்சரிக்கை விளக்கு எரியும்.

எந்த ஆயில்? என்ன கெட்டி?

தூய சிலிகான் ஆயில் மட்டும். பாகுத்தன்மையைச் சென்டிஸ்டோக் அளவில் குறிப்பார்கள். டொயோட்டா இதற்கென்றே 3000, 6000, 10000 சென்டிஸ்டோக் ஆயிலை 18 மில்லி குழாய்களில் விற்கிறது. 10000 என்பது ஏறக்குறைய தேன் பதம். ரிமோட் கன்ட்ரோல் கார்களின் டிஃபரன்ஷியலுக்கு விற்கும் ஆயிலும் சிலிகான்தான். ஆனால் அதில் எண்ணுக்குப் பின்னால் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்; எல்லா நிறுவனமும் சென்டிஸ்டோக்கில் எழுதுவதில்லை.

ஏன் சிலிகான் என்று கேட்டால், சூட்டில் அது இளகுவது குறைவு. 38 டிகிரி செல்சியஸிலிருந்து 99 டிகிரிக்குப் போனால் அதன் பாகுத்தன்மை சுமார் 60 சதவீதம்தான் குறையும். கியர் ஆயில் அதே சூட்டில் தண்ணீராகிவிடும்; ஃபேன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பிடி விட்டுவிடும். சிலிகான் பிரேக் ஆயில் மிக மெல்லியது, அதுவும் ஆகாது. கிரீஸ் துளை வழியே ஓடாது.

கெட்டியை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். 3000 இருந்த இடத்தில் 6000, 6000 இருந்த இடத்தில் 10000. நடுத்தரக் கெட்டி வேண்டுமென்றால் கலக்கலாம், ஆனால் சராசரிக் கணக்கு போடக்கூடாது. 10000, 30000 இரண்டையும் சம அளவில் கலந்தால் 20000 வராது, 17000 பக்கம்தான் வரும்.

எத்தனை மில்லி?

கிளட்சின் அளவைப் பொறுத்தது. ஜீப், பிக்கப் அளவு வண்டிகளில் பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிக்குள் இருக்கும். கசியாத கிளட்ச் என்றால் வடிந்த ஆயிலை எடை போடுவதே நம்பகமான வழி: சிலிகான் ஆயில் ஒரு மில்லி சுமார் 0.97 கிராம், ஆகவே 39 கிராம் வந்தால் 40 மில்லி. ஓரங்களில் ஒட்டிப்போனதற்கு 2, 3 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைவாக ஊற்றினால் இடைவெளி நிறையாது, சூட்டில் வழுக்கும். அதிகமாக ஊற்றினால் முன் அறை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள முடியாமல் மிச்சம் வேலை அறையிலேயே தங்கும். ஃபேன் விடுபடவே செய்யாது.

கழற்றி மாட்டும் முறையைச் சொல்லுங்கள்.

என்ஜின் முழுதாக ஆறிய பிறகு தொடங்குங்கள். கூடுதலாக மின்ஃபேனும் இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் பக்கம் ஓர் அட்டையைச் செருகி வையுங்கள். நழுவிய ஸ்பேனர் ஒரே குத்தில் குழாயை ஓட்டையாக்கும்.

சில கிளட்ச் நாலு நட்டில் புல்லியோடு நிற்கும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே அவற்றைத் தளர்த்தினால் புல்லி சுற்றாது. சில, நடுவில் ஒரே பெரிய நட்டாக வாட்டர் பம்ப் தண்டில் முறுக்கியிருக்கும். இதில் இடது மரையும் உண்டு, வலது மரையும் உண்டு. ஓடும்போது தானே இறுகும் திசையில்தான் மரை வெட்டியிருப்பார்கள். வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பலத்தைக் காட்டுங்கள்.

வெளியே எடுத்ததும் நெட்டாகவே நிறுத்தி வையுங்கள், ஃபேனைப் பிரியுங்கள். இரண்டு பாதிக்கும் குறுக்கே ஓர் அடையாளக் கோடு கீறுங்கள்; இது மாறினால் சமநிலை கெட்டு அதிர்வு வரும். மூடியின் ஸ்க்ரூக்கள் அலுமினியத்தில் வருடக்கணக்காக இறுகியிருக்கும். சரியாகப் பொருந்தும் பிட் வைத்து, சுத்தியலால் அடிக்கும் இம்பேக்ட் டிரைவரால் எடுத்தால் தலை வழுக்காது.

மூடியை எடுத்து, இரண்டு பாதியையும் கவிழ்த்துச் சாய்த்து வைத்து ஓரிரவு வடியவிடுங்கள். ஆயில் கருத்து, ஜெல்லிபோல் திரண்டிருந்தால் அது அளவுமீறிச் சூடானது. மண்ணெண்ணெயிலோ பிரேக் கிளீனரிலோ கழுவித் துடைத்து, ஆயில் திரும்பும் சிறு துளையில் காற்றடியுங்கள். அது அடைத்திருந்தால் நீங்கள் வேறு என்ன செய்தாலும் ஃபேன் விடுபடாது. பேரிங் பக்கம் கரைப்பான் போகக்கூடாது, உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

புது ஆயிலை முன் அறைப் பக்கம் ஊற்றுங்கள். மெதுவாகத்தான் இறங்கும்; வெதுவெதுப்பான இடத்தில் குழாயை வைத்திருந்தால் வேலை சுலபம். பழைய ரப்பர் வளையம் வெடிக்காமல் இருந்தால் அதையே போடலாம். கேஸ்கெட் சிலிகான் பசை வேண்டாம்: சிலிகான் ஆயில் பட்டால் சிலிகான் ரப்பர் ஊதிப் பிதுங்கும். அடையாளக் கோட்டைச் சேர்த்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். அலுமினிய மரை என்பதால் கை ஸ்க்ரூட்ரைவரின் இறுக்கமே போதும்.

இந்த வேலை செய்த துணியையும் கையுறையையும் பெயின்ட் அடிக்கும் இடத்துக்குள் கொண்டு போகாதீர்கள். சிலிகான் பட்ட பரப்பில் பெயின்ட் குழிகுழியாக விலகும்.

சுருளைத் திருப்பி முன்கூட்டியே பிடிக்க வைப்பது எப்படி?

முதலில் இப்போது எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று தெரிய வேண்டும். கழற்றிய முன்மூடியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மூழ்கும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, கலக்கிக்கொண்டே மெல்லச் சூடாக்குங்கள். மூடியின் உட்பக்கத் தகட்டில் உள்ள துளை வழியே வால்வு விலகத் தொடங்கும் சூட்டையும், முழுதாகத் திறக்கும் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சில கிளட்சில் இரண்டு துளைகள் இருக்கும்; முதலாவது பாதிப் பிடி, இரண்டாவது முழுப் பிடி.

அடுத்தது வண்டியில் எவ்வளவு வேண்டும் என்பது. நாலு டிகிரி, அஞ்சு டிகிரி என்று ஊகிப்பதைவிட அளப்பதே மேல். ரேடியேட்டருக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஒரு தெர்மோகப்புள் (சூட்டை அளக்கும் வயர்) முனையைக் கட்டி, சாதாரண ஓட்டத்தில் அங்கே எத்தனை டிகிரி, சூடுமுள் ஏறத் தொடங்கும்போது எத்தனை டிகிரி என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் திறக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தின் சூட்டுக்கும் கீழே வைத்தால் ஃபேன் நாளெல்லாம் பிடித்தே ஓடும்.

சுருளின் வெளிமுனை மூடியில் ஒரு காடியில் செருகி, பசை வைத்து ஒட்டியிருக்கும். எந்தப் பக்கம் நகர்த்துவது? ஹேர் டிரையரால் சுருளைச் சூடாக்கினால் நடுத்தண்டு எந்தத் திசையில் திரும்புகிறதோ அதுவே திறக்கும் திசை. பசையை நீக்கி, வெளிமுனையை அதே திசையில் 1 மில்லிமீட்டர் நகர்த்தி, மறுபடி தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை டிகிரி குறைந்தது என்று தெரிந்துவிட்டால் மிச்சம் கணக்குதான். சுருளையே வளைக்கக்கூடாது, முனை மட்டும்தான் நகர வேண்டும். முடிவில் சூடு தாங்கும் எபாக்சியால் ஒட்டிவிட்டு, குளிர்ந்த நிலையில் வால்வு துளையை முழுதாக மூடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். மூடுமுன் ஈரம் துளியும் இருக்கக்கூடாது.

ஆயிலா, சுருளா, முதலில் எது?

பழைய கிளட்ச் என்றால் தொழிற்சாலைக் கெட்டியிலேயே புது ஆயில், சரியான அளவில். பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும் என்பது எங்கள் கணிப்பு, ஏனென்றால் உண்மையான பிரச்சினை கசிவும் வயதும்தான். சூடு ஏறிய பிறகே ஃபேன் தாமதமாக விழித்துக்கொள்கிறது என்றால் சுருள். நேரத்துக்குப் பிடித்தும் சூடு இறங்கவில்லை என்றால் கெட்டி ஆயில்.

கிளட்சை வெல்டு வைத்தோ போல்ட் போட்டோ நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் என்ன?

கூடாது. ஃபேன் தள்ளும் காற்று அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும்; அது இழுக்கும் சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். புல்லி வேகத்தில் 60 சதவீதத்திலிருந்து 85 சதவீதத்துக்குப் போனால் காற்று 1.4 மடங்கு, சக்தி 2.8 மடங்கு. என்ஜின் 4500 சுற்று, புல்லி விகிதம் 1.2 என்றால் பம்ப் தண்டு 5400 சுற்றில் ஓடும். வழுக்கும் கிளட்ச் ஃபேனை அந்த வேகத்துக்குப் போகவிடாது, பூட்டியது விடும். பிளாஸ்டிக் இறக்கை சிதறினால் பானட் வரை கிழியும். கெட்டி ஆயிலுக்கும் இதே காரணத்தால்தான் வரம்பு சொல்கிறோம். வழியில் கிளட்ச் கைவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்து, நிற்காத சாலையாகப் பார்த்துப் போய்ச் சேருங்கள்.

மாற்றிய பிறகு என்ஜின் எத்தனை டிகிரி குறையும்?

தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது என்றால் அதற்குக் கீழே ஓடாது, ஓடவும் கூடாது. முன்பு மேட்டில் 105க்கு ஏறியது இப்போது 95இல் நிற்கிறதா என்பதே கேள்வி. ஓபிடி (வண்டியின் கணினியைப் படிக்கும் இணைப்பு) வழியாக எண்ணைப் படியுங்கள். டாஷ்போர்டு முள் பல வண்டிகளில் ஒரு பெரிய வரம்புக்குள் அசையாமல் நிற்கும்படியே அமைத்திருப்பார்கள்.

கெட்டி ஆயில் போட்ட பிறகு காலை உறுமல் ரொம்ப நேரம் நீடிக்கிறதே?

கெட்டி ஆயில் முன் அறைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். சில நிமிடம் என்றால் பரவாயில்லை. பத்து நிமிடம் ஓடியும் அடங்காவிட்டால் ஆயில் அளவு அதிகம், அல்லது திரும்பும் துளை அடைப்பு, அல்லது வால்வு குளிரில் மூடவில்லை. இந்த வரிசையிலேயே பாருங்கள். மைலேஜ் குறைவதும், வேகமெடுக்கும்போது பெல்ட் கத்துவதும் கூடவே வரும்.

இதற்குப் பதில் மின்ஃபேன் வைத்துவிடலாமா?

நெரிசல் மட்டுமே பிரச்சினை என்றால் வைக்கலாம். பாரம் இழுக்கும் வண்டிக்கு யோசிக்க வேண்டும். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும் மின்ஃபேன் 360 வாட்தான். முழுதாகப் பிடித்த இயந்திர ஃபேன் சில கிலோவாட் அளவில் காற்றைத் தள்ளும். ஆல்டர்னேட்டர், ரிலே, தடித்த வயர் என்று செலவும் கூடும்.

ஆழமான தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தால்?

பிடித்து ஓடும் ஃபேன் தண்ணீரில் பட்டால் இறக்கைகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைத் தொடும். கெட்டி ஆயில் போட்ட கிளட்சில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அது வழுக்கி விட்டுக்கொடுப்பது குறைவு. இறங்குவதற்கு முன் ஐடிலில் நிறுத்தி, உறுமல் அடங்கி ஃபேன் விடுபட்ட பிறகு, குறைந்த சுற்றில் மெல்லக் கடந்து போங்கள். தண்ணீர் ஃபேன் உயரத்துக்கு வரும் என்றால் அன்றைக்குப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கடப்பவர்களும் உண்டு. வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும் என்பதால் அது ஓரிரு நிமிடக் கடப்புக்கு மட்டுமே.